பம்பரில் வைத்த பொட்டு

பாபநாசத்தில் பெயின்டர் பரிதி அடிக்கும் குரோம் பெயின்ட்டைப் பார்த்து அசல் முலாம் என்று ஏமாறாத ஆளில்லை. மிராசுதார் வைத்தியலிங்கத்தின் பழைய அம்பாசிடர் அவர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போக வேண்டும். பம்பரோ துருவேறிக் கிடந்தது, முலாம் பூச அனுப்ப நேரமில்லை. பரிதி துருவைத் தேய்த்தெடுத்தான். கறுப்பு அடித்துப் பளபளவென்று காயவிட்டு, அதன்மேல் குரோமை மெல்லிசாக ஊதினான். காரை ஒப்படைக்கும்போது தெளிவாகவே சொன்னான்.

"இது பெயின்ட்டு சார். நல்லா இறுகுற வரைக்கும் கை படக்கூடாது. பொட்டுகூட வைக்காதீங்க."

பொட்டு வைக்காமல் வண்டி எடுக்கிற வீடா அது? மாப்பிள்ளை அழைப்பு அன்று, வெள்ளிக்கிழமை காலையில் வைத்தியலிங்கத்தின் மனைவி ராஜாத்தி பம்பரில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கோணலாகிவிட்டதென்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். குரோம் துணியோடு வந்துவிட்டது. அடியிலிருந்த கறுப்பு இளித்தது, கல்யாணத்துக்கு வந்திருந்த பங்காளிகளும் இளித்தார்கள்.

வைத்தியலிங்கம் ஆளனுப்பினார். பரிதி வந்து பைக்கை நிறுத்துவதற்குள் அவர் கையிலிருந்த ஜாக்கியின் இரும்பு ராடு அவன் தோளில் இறங்கியது.

"முலாம்னு சொல்லி என்னையே ஏமாத்துறியாடா?"

"பெயின்ட்டுன்னுதான் சார் சொன்னேன்."

அவருக்கு எரிந்தது அந்த 'சார்'தான் என்று பரிதிக்குத் தெரியும். அவன் அப்பா அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டார். அடுத்த அடியில் புருவம் கிழிந்தது.

"நாந்தாங்க தொடச்சேன், அவனை விடுங்க" என்றாள் ராஜாத்தி.

"நீ உள்ள போடி."

பரிதிக்கு உயிர் போனாலும் பரவாயில்லை, வலது கை போகக்கூடாது. ஸ்பிரே துப்பாக்கி பிடிக்கிற விரல்கள் அவை, சோறு போடுகிற விரல்கள். பயத்தில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மறைத்ததே காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு பங்காளிகள் அந்தக் கையை இழுத்து பம்பரின்மேல் அமுக்கிப் பிடித்தார்கள். ராடு இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் அவனுக்கே கேட்டது.

பம்பரெல்லாம் ரத்தம். சம்பந்தி வீட்டார் வரும் நேரமாயிற்றே என்று வைத்தியலிங்கம் ராடைக் கீழே போட்டுவிட்டு, தோள் துண்டால் பரபரவென்று துடைத்தார். துண்டில் ரத்தத்தோடு வெள்ளியும் ஒட்டிக்கொண்டது. பம்பர் கறுத்து நின்றது. பிடியை விட்டிருந்த பங்காளிகள் யாரும் இந்தமுறை சிரிக்கவில்லை.

அவர் குரல் இறங்கியது. "சாயங்காலத்துக்குள்ள திரும்ப அடிச்சுக் குடுத்துடுப்பா."

"எந்தக் கையால சார்?"

பரிதி குனிந்து இடது கையால் ராடை எடுத்தான். பயம் எங்கோ போயிருந்தது, வெறி மட்டும்தான் மிச்சம். பழகாத கை, முதல் வீச்சு தவறி ஹெட்லைட்டை உடைத்தது. அடுத்தது வைத்தியலிங்கத்தின் முழங்காலில் விழுந்தது.