தோஹாவிலிருந்து எட்டு மணி நேரம்

தாமி என் அண்ணன். அவன் குரலைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். உம்மா இறந்த செய்தியைச் சொன்னதும் அந்தக் குரல்தான்.

"ராத்திரி போய்ட்டா. வர்றதுன்னா வா" என்றான்.

மொராக்கோவுக்குக் கிடைத்த முதல் விமானத்தில் இடம் பிடித்து, காலையில் தோஹா விமான நிலையத்திலிருந்து அவனை அழைத்தேன். எங்கள் குடும்பத்தில் பெண்கள் அடக்கத்துக்குக் கபர்ஸ்தான் வரை போவதில்லை. உம்மாவின் முகத்தை வீட்டில் பார்த்தால்தான் உண்டு. அவனை அண்ணே என்று கூப்பிட்டுப் பல வருஷமாயிற்று. அன்று கூப்பிட்டேன்.

"அண்ணே, அஸர் தொழுகை வரைக்கும் காத்திரு. வந்துடுவேன்."

"எப்படி வருவே? பறந்தா?"

"பறந்துதான்."

"கணக்கு தெரியுமா உனக்கு? தோஹாவுக்கும் காஸாபிளாங்காவுக்கும் கிட்டத்தட்ட ஆறாயிரம் கிலோமீட்டர். எட்டு மணி நேரம். ஒன்பதரைக்குக் கெளம்புனா அங்க அஞ்சரை. நமக்கு ரெண்டு மணி குறைச்சல், மூணரை. ஏர்போர்ட்லேர்ந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம். இமாம்கிட்ட கேட்டுட்டேன், அஸர் நாலுக்கு முன்னாடியே. பொழுது சாயற வரைக்கும் உம்மாவோட மய்யித்தைப் போட்டு வைக்கச் சொல்றியா? மத்தியானம் லுஹர் தொழுகையோட எடுத்துடுறோம்."

"அடக்கத்துக்கு அவசரமா, இல்ல நான் பாத்துடக் கூடாதுன்னு அவசரமா?"

"ஆறு மாசம் படுக்கையில கெடந்தாளே, அப்ப எங்க போச்சு இந்த ஓட்டம்?" வைத்துவிட்டான்.

அவன் கேட்டது நியாயம்தான். அதனால் கோபம் இன்னும் கூடியது. அவன் கணக்கும் சரியாகத்தான் பட்டது. முன்னிருக்கைத் திரையில் குட்டி விமானம் ஊர்ந்து போவதைப் பார்த்தபடி, வழியெல்லாம் அவனைச் சபித்துக்கொண்டு வந்தேன்.

தரையிறங்கியதும் பணிப்பெண் உள்ளூர் நேரம் சொன்னாள். இரண்டரை. தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பாஸ்போர்ட் வரிசையில் சுவர்க் கடிகாரமும் அதையே காட்டியபோதுதான் உறைத்தது. அன்று ஞாயிறு. ரமலான் நோன்பு நெருங்கினால் மொராக்கோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்று விடியலில்தான் தள்ளியிருந்தார்கள். இமாம் புது நேரத்தைச் சொல்லியிருக்கிறார். இவன் என் விமானத்தைப் பழைய நேரத்தில் கணக்குப் போட்டிருக்கிறான். டாக்ஸியில் அழைத்தேன், அவன் எடுக்கவில்லை.

வீட்டுக் கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். உம்மாவின் தங்கை பத்தூல் சாச்சி என்னைக் கண்டதும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். உம்மாவைக் கிடத்திய இடம் கழுவிக் காய்ந்திருந்தது.

"நாலரைக்குத்தானே வருவே?" என்றான் தாமி.

"இன்னிக்கு மணியை மாத்தினது ஞாபகமில்லையா உனக்கு? அஸருக்கு முன்னாடியே வந்துட்டேன், பாரு."

அவன் முகம் வெளுத்தது. ஒரு கணம்தான்.

"மாத்தினது அரசாங்கம். என்கிட்ட வந்து கத்தாதே. ஒரு மணி நேரம்தானே."

பதில் சொல்ல வாயெடுத்தேன். பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு ஒலித்தது. கூடத்திலிருந்த அத்தனை பெண்களும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.