டிரெய்லரில் படம் வரவில்லை

தீ ஊரை விழுங்கிய அன்று டாக்கெட் குடும்பத்தின் டிரெய்லர் ஊரில் இல்லை. கூரை ஒழுகுகிறது என்று கோடையின் கடைசியில் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு பட்டறையில் விட்டிருந்தார்கள். பிழைத்தது அதனால்தான். ஏரிக்கரையில் நாலு நாள் தங்கி மீன் பிடித்துவிட்டு வருவதற்கென்று வாங்கிய வண்டி அது. இப்போது மாவட்டக் கண்காட்சி மைதானத்தில், கன்றுக்குட்டிகளைப் போட்டிக்கு நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால், ஊரிழந்த மற்றவர்களின் டிரெய்லர்களோடு வரிசையில் நின்றது. லூயெல்லாவுக்கும் அவள் கணவர் வெர்னனுக்கும் மிச்சமிருந்த வீடு அதுதான்.

போனவை என்னென்ன என்று லூயெல்லா நினைத்துப் பார்ப்பதில்லை. தையல் மிஷின், கல்யாணப் படங்கள், அவள் அம்மாவின் கண்ணாடிக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கைகழுவிவிட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே யோசனை. டேரல் எங்கே?

தீ பரவிய அந்தக் காலை மகன் போனில் கூப்பிட்டிருந்தான். வானம் அதற்குள் பழுப்பாகியிருந்தது. "நீங்க கிளம்புங்கம்மா. முகட்டு ரோட்டுல பிக்லோ அம்மா தனியா இருக்காங்க, அவங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஏத்திக்கிட்டுப் பின்னாடியே வர்றேன்" என்றான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், லைன் செத்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் குரல் கேட்கவில்லை.

ஆனாலும் எத்தனையோ விதமாக அவன் உயிரோடு இருக்கலாம். கை வெந்து, வாய் பேச முடியாமல், பெயர் தெரியாதவனாக எந்த ஆஸ்பத்திரியிலோ கிடக்கலாம். மலைக்கு அந்தப்பக்கம் இறங்கி, போன் இல்லாத ஏதோ பள்ளிக்கூடத் தரையில் தூங்கிக்கொண்டிருக்கலாம். மைதானத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் அவள் மூன்று தட்டு வாங்கினாள். பரிமாறும் தன்னார்வலர்கள் முதலில் கேள்வி கேட்டார்கள், பிறகு பேசாமல் மூன்றாவது தட்டிலும் கோழியும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்தார்கள். அந்தத் தட்டை அலுமினியத் தாளால் மூடி டிரெய்லரின் சின்னக் குளிர்பெட்டியில் வைப்பாள். மறுநாள் எடுத்துக் கொட்டிவிட்டுப் புதியதை வைப்பாள்.

முதல் வாரம் டிவி நன்றாகத்தான் வேலை செய்தது. சாயங்காலம் ஷெரிஃப் என்கிற மாவட்டப் போலீஸ் அலுவலகத்து ஆட்கள் பேசுவதை முழங்கால் சுவரில் இடிக்க உட்கார்ந்து பார்ப்பாள். காயப்பட்டவர்களைக் காட்டினால் எழுந்து முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். மலைமேலிருந்த போன் கோபுரங்கள் எரிந்துபோனதால் மைதானத்தில் போன் எடுக்கவில்லை. கூடத்திலிருந்த பெரிய டிவியில் செய்தி போட்டால் யாராவது அழுது விழுகிறார்கள் என்று குழந்தைகளின் பொம்மைப் படம் மட்டுமே ஓடவிட்டார்கள். ஆகவே அவளுக்கு வெளியுலகம் என்பது அந்தச் சின்னத் திரைதான்.

செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தபோது திரை நீலமாக இருந்தது. நடுவில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து. வெர்னன் மடக்கு மேசையருகே இரண்டு கையையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

என்ன ஆச்சு என்றாள். திடீரென்று போய்விட்டது, பட்டறைக்காரன் கூரையை ஒழுங்காக அடைக்கவில்லை, ஆன்டெனா அடியில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்யாத வேலை இல்லை. கூரைமேல் ஏறினார், பசை பூசினார். ஃபியூஸை மாற்றினார். சேனல்களைத் திரும்பத் திரும்பத் தேடவிட்டார். ஆனால் லூயெல்லா வெளியே போயிருக்கும்போதுதான் இதெல்லாம் நடந்தது. அது அவளுக்கு வினோதமாகப்பட்டது. ஏரிக்கரை நாட்களில் இரண்டு பேர் இல்லாமல் இந்த வேலை நடக்காது. அவர் உள்கூரையிலிருக்கும் கைப்பிடியைப் பிடித்து ஆன்டெனாவைத் திருப்புவார், அவள் திரையைப் பார்த்து "வருது, வருது, போச்சு, கொஞ்சம் பின்னால" என்று சொல்வாள். இப்போது ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடவில்லை.

"ரெண்டு நாளா அந்தக் கம்பியைத் தடவிக்கிட்டே இருக்கே. என்னை இந்த மாதிரி ஒருநாள் கவனிச்சிருந்தா நான் பாடியே காட்டியிருப்பேன்" என்று வியாழக்கிழமை சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து டிரெய்லரில் போய்ச் செய்தி பார்க்கிறேன் என்று அவள் சொன்னபோது, அங்கே ஆறு பேரும் இரண்டு நாயும் நெருக்கியடிக்கிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு, நாளைக்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று அவசரமாகத் தடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேஸ் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வருவதாகச் சொல்லி வெர்னன் பிக்அப்பில் கிளம்பினார். வண்டி கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு லூயெல்லா டிவியின் முன்னால் வந்து நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். அடுப்பு எரியவில்லை என்றால் மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப்பார்த்துக்கொண்டு வருவாள். இதையும் அப்படியே பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

முதலில் சுவரிலிருந்த பூஸ்டர் சுவிட்ச். அது அணைந்திருந்தால் ஆன்டெனா இருந்தும் இல்லாத மாதிரி. பச்சை விளக்கு எரிந்தது, அப்படியானால் கரண்ட் வருகிறது. அடுத்து ஆன்டெனா. வெளியே போய்ப் பார்த்தாள். மைதானத்திலிருந்த எல்லா ஆன்டெனாவும் தென்மேற்கே, பள்ளத்தாக்கு நகரத்துக் கோபுரங்களைப் பார்த்து நின்றன. அவளுடையது மட்டும் எரிந்துபோன மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து டிரெய்லர் மேவிஸ் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்த் திருப்புகிறேன், எந்தப் பக்கம் போகிறதென்று நீ பார்த்துச் சொல் என்று லூயெல்லா கேட்டுக்கொண்டாள். வாயில் இரண்டு கிளிப்போடு மேவிஸ் சம்மதித்தாள்.

"இன்னும் கொஞ்சம். இன்னும். போதும், போதும், இப்ப என் புருஷன் குளிக்கிற இடத்தைப் பார்க்குது. அதுல ஒரு நல்ல நிகழ்ச்சியும் வராது கண்ணு, கொஞ்சம் இடப்பக்கம்."

லூயெல்லாவுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. தீக்குப் பிறகு அது முதல் சிரிப்பு. உடனே யாரோ கண்டித்த மாதிரி வாயை மூடிக்கொண்டாள்.

ஆன்டெனா தென்மேற்கே நின்றதும் சேனல்களைத் தேடவிட்டாள். எண்கள் ஊர்ந்து ஊர்ந்து முடிவுக்கு வந்தன. ஒன்றுமே சிக்கவில்லை. மங்கலாக, கட்டம் கட்டமாக உடைந்தாவது ஏதாவது வந்திருக்க வேண்டும். துளிகூட வரவில்லை என்றால் இது திசைக் கோளாறு இல்லை, எங்கோ பாதையே அறுந்திருக்கிறது.

பெஞ்ச்மேல் ஏறி, ஆன்டெனாவின் கேபிள் கூரையிலிருந்து இறங்கும் அலமாரியைத் திறந்தாள். துணிகளை எடுத்து வெளியே போட்டாள். விரலால் கேபிளை வருடினாள். காய்ந்து கிடந்தது, ஈரம் இல்லை, பச்சைக் களிம்பு இல்லை. வெர்னன் சொன்ன தண்ணீர் எங்கே? பிறகு சுவர் சுவிட்சின் இரண்டு திருகுகளையும் வெண்ணெய்க் கத்தியால் கழற்றித் தகட்டை முன்னால் இழுத்தாள். பின்னால் இரண்டு கேபிள்கள். ஒன்று டிவிக்குப் போவது, மற்றது கூரையிலிருந்து வருவது. இரண்டிலும் மரை இறுக்கமாகவே இருந்தது. டிவிக்குப் போவதைக் கழற்றினாள். நடுவில் ஊசி மாதிரிச் செம்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து வருவதைக் கழற்றினாள்.

அதில் ஊசி இல்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துருப்பிடித்து உதிரவில்லை, வளைந்து ஒடியவில்லை. செம்பு மட்டமாக, புத்தம்புதிதாகப் பளபளத்தது. கட்டிங் பிளேயரால் ஒட்ட நறுக்கிவிட்டு, வெளியே தெரியாமலிருக்க மறுபடி மரையைத் திருகியிருந்தார்கள். அந்த டிரெய்லரில் கட்டிங் பிளேயர் ஒன்றுதான் இருந்தது. அது வெர்னனின் பெட்டியில் இருந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்படியே தகட்டை மூடிவிட்டு, துணிகளை உள்ளே அடுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவளாக இருந்துவிடலாம். சாயங்காலம் மூன்று தட்டு வாங்கலாம். அந்த எண்ணம் வந்தது, அது எவ்வளவு இதமாக இருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

காய் நறுக்கும் கத்தியை எடுத்துக் கேபிளின் முனையை வெட்டி எறிந்தாள். கறுப்புத் தோலைச் சீவி, பின்னல் கம்பிகளை மடக்கி, வெள்ளை உறையை நகத்தால் உரித்துச் செம்பை வெளியே எடுத்தாள். அதைத் துளையில் செருகி, நழுவாமல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் ஒட்டினாள். சேனல்களைத் தேடவிட்டாள்.

ஐந்தாவது எண்ணிலேயே படம் விழுந்தது. தெளிவான படம்.

ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. சாம்பல் மலை, அதன்மேல் கோடுபோல முகட்டு ரோடு. வளைவில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சில வண்டிகள், பெயின்ட் எல்லாம் வெந்து எலும்பு நிறத்தில் நின்றன. வெள்ளை உடை போட்டவர்கள் குனிந்து சல்லடையால் சலித்துக்கொண்டிருந்தார்கள். கேமரா நெருங்கியது. ஓரத்திலிருந்த பிக்அப்பின் முதுகில் ஏணி வைக்கும் சட்டம். மூன்று குழாய்கள், அவற்றில் நடுக்குழாய் கோணல். டேரல் கூரை வேலைக்குப் போகத் தொடங்கிய வருஷம் வெர்னன் கொல்லைப்புறத்தில் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தது. இதென்ன அப்பா உங்கள் பல் மாதிரி இருக்கிறது என்று டேரல் கேலி செய்திருந்தான்.

செய்தி வாசிப்பவள் வேறு சேதிக்குப் போய்விட்டாள். லூயெல்லா நின்ற இடத்திலேயே நின்றாள். வானிலைக்காரர் நாளைக் காலை முதல் பலத்த மழை என்றார். வரிசை முழுக்க டிரெய்லர்களிலிருந்து கைதட்டல் கேட்டது. யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள்.

வெர்னன் கதவைத் திறந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த சிலிண்டரைப் படியில் வைத்தார். திரையைப் பார்த்தார், சுவரில் தொங்கிய தகட்டைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார்.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றாள்.

"செவ்வாய்க்கிழமை. நீ குளிக்கப் போயிருந்தப்ப ஷெரிஃப் ஆபீசுலேர்ந்து ஒரு பொண்ணு வந்து சொன்னா. வண்டியோட நம்பர் தகடு கிடைச்சிருக்கு. உள்ள ரெண்டு பேர் இருந்திருக்காங்க. நானே உன்கிட்ட சொல்லிக்கிறேன்னு சொன்னேன் லூ. அதுக்குள்ள டிவியில நீ பார்த்துடக்கூடாதுன்னு கம்பியை நறுக்கிட்டு, சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். நீ வந்த, தலையைத் துவட்டிக்கிட்டே, இன்னைக்கு ஆஸ்பத்திரியெல்லாம் காட்டுவாங்கன்னு சொன்ன."

அவள் குளிர்பெட்டியைத் திறந்து அலுமினியத் தாள் மூடிய தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நான் இதை எடுத்து வெச்சிக்கிட்டிருக்கேன். நீ பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த."

"உனக்கு இன்னும் நாலு நாள் அவன் இருக்கட்டும்னு நினைச்சேன்."

"எனக்கு இல்ல வெர்ன். நான் அழுதா நீயும் அழணும். அதுக்குத்தான் பயந்த."

இன்று எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். சிலிண்டருக்கு முன்னால் ஷெரிஃப் அலுவலகம் போனதாகச் சொன்னார். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் துடைத்து எடுத்தார்களாம், எலும்போடு ஒத்துப்பார்க்க. அம்மாவுடையதும் இருந்தால் நல்லது என்றார்களாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அதைக் கேட்டதும்தான் அவள் அவரை அடித்தாள். திறந்த கையால், தோளில், மார்பில், பலம் இல்லாத அடிகள். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. மேவிஸ் ஓடிவந்து கதவருகே நின்று, உள்ளே எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"என்னை அங்க கூட்டிக்கிட்டுப் போ. மழை வர்றதுக்கு முன்னாடி. சலிச்சு முடிக்கலன்னா அவன் தண்ணியோட பள்ளத்துல போயிடுவான்" என்றாள் லூயெல்லா.

ரோடு மூடியிருக்கிறது, விடமாட்டார்கள் என்றார் வெர்னன். ஆனாலும் சாவியை எடுத்தார்.

மலையடிவாரத்தில், பாதி உருகிய வேகக் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பக்கத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். முகமூடி அணிந்த ராணுவப் பெண் ஒருத்தி ஜன்னல் பக்கம் வந்தாள். வெர்னன் விஷயத்தைச் சொன்னார், திரும்பவும் சொன்னார். அவள் கம்பியில்லா போனில் யாரிடமோ கேட்டாள், காத்திருந்தாள், முடியாது என்று தலையை ஆட்டினாள். மேலே மரங்கள் இன்னும் விழுந்துகொண்டிருக்கின்றன, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். இங்கிருந்து அந்த வளைவு எவ்வளவு தூரம் என்று லூயெல்லா கேட்டாள். அந்தப் பெண் வெளியூர்க்காரி. தெரியாது என்றாள்.

வெர்னன் வண்டியைத் திருப்பப் போனார். வேண்டாம், இன்ஜினை நிறுத்து என்றாள் லூயெல்லா. ராணுவப் பெண்ணும் போகச் சொல்லவில்லை. கொஞ்சநேரம் கழித்து வெள்ளை உடைக்காரர்களின் வேன் ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்து, தடுப்பு விலக, நிற்காமல் அவர்களைத் தாண்டிப் போனது. அதன் பின்கதவைப் பார்த்தபடி லூயெல்லா கழுத்தைத் திருப்பினாள், வேன் வளைவில் மறையும்வரை. வெர்னன் அப்போதுதான் ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்து அழத் தொடங்கினார். அவள் அவரைத் தொடவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, சாம்பல் வாடையோடு வந்த காற்றில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று முகர்ந்தாள். ஏறியிருந்தது.