சூடாமணியின் மோர்

மதுமதி அந்த நான்கு வாரப் பயிற்சியில் சேர்ந்ததே வீட்டில் ஒரு சண்டைக்குப் பிறகுதான். 1995 மே மாதம். விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். டி. நகர் ரங்கநாதன் தெருவில் அவள் அப்பா நல்லசிவத்துக்கு ஜவுளிக்கடை. மே மாதம் கல்யாண வியாபாரம் உச்சத்தில் இருக்கும்; விடுமுறைக்கு வரும் மகளும் கடையில் நின்று பில் போட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவளோ, அபிராமபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் நுண்ணுயிரியலும் மூலக்கூறு உயிரியலும் கையால் செய்து பழக்குகிறார்கள், காலேஜில் மைக்ராஸ்கோப்பை ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் காட்டுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை. மூன்று நாள் அப்பாவோடு பேசாமல் இருந்தாள். அது பலித்தது.

"போய்ட்டு வா," என்றார் நல்லசிவம். "ஆனா படிக்கது ஒரு காரியத்துக்கு ஆவணும், பாத்துக்க."

பயிற்சியை நடத்தியவள் நீரஜா. முப்பது வயதுதான் இருக்கும். ஆராய்ச்சிப் பட்டம் முடித்த கையோடு, மாடியில் இரண்டு அறைகளை ஆய்வகமாக மாற்றிக்கொண்டு தனியாகத் தொடங்கியிருந்தாள். பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். முதல் நாள் எல்லோரும் கையைக் கழுவிவிட்டு, ஜெல்லி ஊற்றிய கண்ணாடித் தட்டில் விரலைப் பதித்தார்கள். மறுநாள் பார்த்தால் கழுவிய விரலின் தடத்திலேயே வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் பூத்திருந்தன. மதுமதிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அருவருப்பால் அல்ல. கண்ணுக்குத் தெரியாதது தனக்கு மட்டும் தெரிந்துவிட்டது போன்ற ஒரு கிறுகிறுப்பு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை எல்லாம் வேறு மாதிரி பார்த்தாள்.

முதல் வியாழக்கிழமை தண்ணீர்ச் சோதனை. ஊதா நிறக் கரைசல் நிரப்பிய சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். சோதிக்க வேண்டிய தண்ணீரை விட்டு, உடம்புச் சூட்டில் இரண்டு நாள் வைக்க வேண்டும்.

"ஊதா மஞ்சளாகணும். குட்டிக் குழாய்ல காத்துக் குமிழ் தெரியணும்," என்றாள் நீரஜா. "ரெண்டும் இருந்தா, சாக்கடைக் கிருமி இருக்கலாம்னு சந்தேகப்படலாம். சந்தேகம்தான். அதை உறுதிப்படுத்த இன்னொரு டெஸ்ட் இருக்கு, அதை அப்புறம் சொல்லித் தரேன்."

மதுமதிக்கு உடனே கடை ஞாபகம் வந்தது. அந்த வாரம்தான் சேலைப் பிரிவில் நின்ற இரண்டு பெண்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்திருந்தார்கள். கடை மாடிப்படிக்குக் கீழே சூடாமணி பானை வைத்து மோர் விற்றாள். பதினோரு வருஷமாக அதே இடம். இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்ட மோர். கடைப் பெண்கள் மத்தியானத்தில் அதைத்தான் குடிப்பார்கள். மதுமதியும் சின்ன வயதிலிருந்து குடித்திருக்கிறாள். காரணம் வேறு என்னவாக இருக்கும் என்று தோன்றியது.

மறுநாள், கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாட்டிலில் மோர் வாங்கிக்கொண்டு போனாள். நீரஜா அடுத்த அறையில் வேறு சிலருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மதுமதி அவளைக் கேட்காமலே பத்துக் குழாய்களை எடுத்து மோரை விட்டாள். பக்கத்தில் நின்றவள் ஜஹனாரா, ராயப்பேட்டைப் பெண், அவளோடு ஒரே மேஜையில் வேலை செய்பவள்.

"மது, இப்பவே கலர் மாறுது பாரு," என்றாள் ஜஹனாரா. "கிருமி வளர ஒரு நாளாவது ஆகும்னாங்களே."

மதுமதி பார்த்தாள். உண்மைதான். மோர் விழுந்த இடத்திலேயே ஊதா வெளிறி, பழுப்பாகி, மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. "மோர் வெள்ளைதானே, அதனால அப்படித் தெரியுது," என்று சொல்லிவிட்டுக் குழாய்களை, உடம்புச் சூட்டில் வைக்கும் பெட்டியான இன்குபேட்டருக்குள் வைத்தாள். நோட்டில் அதை எழுதவில்லை.

திங்கட்கிழமை பத்தும் பளீரென்று மஞ்சளாக இருந்தன. மோர்க் கலங்கலில் குட்டிக் குழாய்கள் சரியாகத் தெரியவில்லை. அவள் அவற்றைத் தேடவும் இல்லை.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னாள். "அந்த மோர்ல சாக்கடைக் கிருமி இருக்குப்பா. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்."

நல்லசிவம் கணக்கு நோட்டை மூடிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை அவள் அதற்கு முன்பு கண்டதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தென்காசிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர் அவர். மறுநாள் வியாபாரிகள் சங்கத்தில் எழுந்து நின்று, "எம் மவ விஞ்ஞான முறைப்படி சோதிச்சிருக்கா," என்று சொன்னாராம்.

புதன்கிழமை மாலை சங்கத்து ஆட்கள் மூன்று பேர் வந்து சூடாமணியைக் கிளம்பச் சொன்னார்கள். மதுமதி கடை வாசலில் நின்றிருந்தாள். சூடாமணி முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு, "பதினோரு வருசமா குடிச்சிக்கினு கீறாங்க, ஒருத்தர் வந்து வயித்த வலின்னு சொல்லிக்கீறாங்களா?" என்றாள்.

"எம் மவ பாத்திருக்கா. பொய்யா சொல்லுதா?" என்றார் நல்லசிவம்.

சூடாமணி திரும்பினாள். "இன்னா பாப்பா, நெசமாவா?"

எல்லோரும் மதுமதியைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். சூடாமணி மீதி மோரைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, டம்ளர்களைத் துணியில் முடிந்து, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நீரஜா இன்குபேட்டரைச் சுத்தம் செய்யும்போது அந்தக் குழாய்களை வெளியே எடுத்தாள். ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்.

"மோரா? மோரை யார் இதுல விட்டது?"

மதுமதி எழுந்து நின்றாள். நடந்ததில் பாதியைச் சொன்னாள்; சூடாமணியை விரட்டியதைச் சொல்லவில்லை.

நீரஜா கோபப்படவில்லை. "மோரே புளிப்பு இல்லியோ? அந்தக் கரைசல் புளிப்பு பட்டாலே மஞ்சளாயிடும். தயிர்க் கிருமியும் அதுல வளரும், அதால யாருக்கும் கெடுதல் இல்லை. விட்டவுடனேயே மாறியிருக்குமே, நீ பாக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே குழாயை விளக்குக்கு நேரே பிடித்தாள். "குமிழ் ஒண்ணுத்துலயும் இல்லை. இது டெஸ்டே இல்லைம்மா. சரி, கத்துக்கற இடம்தானே. உறுதிப்படுத்தற முறையிலயும் போட்டுப் பாத்துடு."

ஜஹனாரா மதுமதியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கே ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சூடாமணி போய் ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. ஆனால் உறுதியான முடிவு வரட்டும், அரைகுறையாகச் சொல்லித்தானே இவ்வளவும் ஆயிற்று என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை முடிவு வந்தது. மோரில் சாக்கடைக் கிருமியின் சுவடே இல்லை. அப்போதும் உடனே வாய் வரவில்லை. அப்பா எந்த நேரத்தில் நல்ல மனநிலையில் இருப்பார் என்று பார்த்துக்கொண்டே மூன்று நாளைக் கடத்தினாள்.

அதற்குள் கடையில் இன்னொரு பெண் வயிற்றுப்போக்கில் படுத்தாள். சூடாமணி இல்லாமல் ஒரு வாரம் ஆகியிருந்த சமயம். மதுமதி கடைப் பெண்கள் குடிக்கும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனாள். இந்த முறை நீரஜாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொதிக்கவைத்த தண்ணீர் விட்ட குழாய்களையும் ஒப்பிடுவதற்காகக் கூடவே வைத்து, முறைப்படி செய்தாள். விட்டபோது ஊதா ஊதாவாகவே இருந்தது. இரண்டு நாள் கழித்து மஞ்சளாகியிருந்தது. குட்டிக் குழாய்களின் தலையில் குமிழ்கள் கண்ணைத் திறந்து பார்ப்பதுபோல நின்றன. உறுதிச் சோதனையும் அதையே சொன்னது.

அப்பாவிடம் இரண்டையும் சேர்த்தே சொன்னாள். கடை மூடிய பிறகு, துணி மடிக்கும் மேஜைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்.

அவர் மேஜைமேல் கிடந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "தண்ணித் தொட்டிய நாளைக்கே பாக்கச் சொல்லுதேன்," என்றார்.

"சூடாமணி அக்காப்பா?"

"அவ எங்க போனாளோ."

"சங்கத்துல சொல்லலாமே. தப்பு என்மேலதான்னு நானே வந்து சொல்லுறேன்."

"என்னன்னு சொல்லுவெ? மோர் நல்லாத்தான் இருந்துச்சு, எங்க அப்பா கடைத் தண்ணிதான் சாக்கடைன்னா? இந்தத் தெருவுல நான் தல நிமுந்து நடக்கவா வேண்டாமா?" குரலை அவர் உயர்த்தவே இல்லை. "விடும்மா. நீ வேணும்னு செய்யலல்லா. விட்ரு."

நிலத்தடித் தொட்டியின் சுவர் சாக்கடைப் பக்கம் விரிசல் விட்டிருந்தது. இரண்டே நாளில் பூசி, மருந்து போட்டுக் கழுவினார்கள். யாருக்கும் காரணம் சொல்லப்படவில்லை. அப்புறம் யாரும் படுக்கவில்லை. மோர்க்காரியை விரட்டியதால்தான் நோய் நின்றது என்று தெருவே பேசிக்கொண்டது. அதைக் கேட்டுக்கொண்டு மதுமதி பில் போட்டாள்.

பயிற்சியின் கடைசி இரண்டு வாரங்களில் பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓடவிட்டார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கின் மேல் வைத்தபோது ஆரஞ்சுக் கோடுகள் ஒளிர்ந்தன. மற்றவர்கள் முண்டியடித்துப் பார்த்தார்கள். இதைப் பார்க்கத்தான் அவள் மூன்று நாள் பேசாமல் இருந்தாள். சான்றிதழ் கொடுக்கும்போது நீரஜா அவள் பெயரைத் தனியாகச் சொல்லி, தண்ணீர்ச் சோதனையை இவ்வளவு சுத்தமாகச் செய்தவர்கள் யாரும் இல்லை என்று பாராட்டினாள். ஜஹனாராவும் கைதட்டினாள். மதுமதி அவள் பக்கம் பார்க்கவில்லை.

ஜூலையில், கடைக்கு எதிரே பூ விற்பவர் சொல்லித்தான் தெரிந்தது, சூடாமணி பெசன்ட் நகர் கடற்கரையில் இருக்கிறாள் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மதுமதி போனாள். வேளாங்கண்ணி கோயில் பக்கம் ஒரு பஜ்ஜிக் கடையின் பின்னால் குந்தி உட்கார்ந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தாள் சூடாமணி.

மதுமதி மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நிறம் உடனே மாறியதை, அதைப் பார்த்தும் எழுதாமல் விட்டதை, தொட்டியை. சூடாமணி கழுவுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"என் மோரு சுத்தம்னு எனக்குத் தெரியாதா பாப்பா?" என்றாள் கடைசியில். "அது எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"மறுநாளே."

சூடாமணியின் கை நின்றது. "மறுநாளேவா." தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு நான் மாம்பலம் பிரிட்ஜாண்டதான் குந்திக்கினு இருந்தேன். மூணு நாளு. யாராச்சும் வந்து கூப்புடுவாங்கன்னு," என்றாள்.

மதுமதி அழுதாள். சூடாமணி தேற்றவில்லை, திட்டவும் இல்லை.

"அழுவாத. உங்கப்பாகிட்ட சொல்லி அந்த எடத்த வாங்கிக் குடு. வேற எதுவும் வேணாம். நான் வந்து குந்திட்டா ஜனம் தானா வரும்."

"கேட்டுட்டு வந்து சொல்றேன் அக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை."

படிக்குக் கீழே அதற்குள் கிளிப்பும் ரிப்பனும் விற்பவன் வந்து உட்கார்ந்திருந்தான். அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றார். அந்த 'முடியாது'வைக் கொண்டுபோய்ச் சொல்ல மதுமதிக்குத் துணிவு வரவில்லை. அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். கல்லூரி திறந்தது, பரீட்சை வந்தது. பெசன்ட் நகர் பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகினாள்.

1998இல் மேற்படிப்பை முடித்துவிட்டு அடையாறில் ஒரு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கடற்கரை அங்கிருந்து பத்து நிமிஷம். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்துத்தான் போனாள். பஜ்ஜிக் கடை அங்கேயே இருந்தது. பின்னால் தட்டு கழுவியவள் வேறு யாரோ.

"சூடாமணியா? அது ரெண்டு வருசம் முன்னாடியே பூட்டுதும்மா. செங்குன்றத்துல தங்கச்சி வூடாம்," என்றான் கடைக்காரன். எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தான்: "அதுக்கு முன்னாடி நான் மெரினாவாண்ட இன்னொரு கடை போட்டேன். அங்க வந்துட்டா கூலி ஜாஸ்தி தரேன்னேன். வரல. டி. நகர்லேர்ந்து ஒரு பொண்ணு ஞாயித்துக்கெழம வரும், இங்க தேடும்னு சொல்லிக்கினே இருந்துச்சு. நீங்க அந்தப் பொண்ணுக்கு இன்னா வேணும்?"

மதுமதி, தங்கை வீட்டு விலாசம் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றான்.