மூன்றாவது பாட்டில் ஒரு பிழை

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு தேவாலயக் கூடம். ஒலிப்பதிவுக்காக மின்விசிறிகளை நிறுத்தியிருந்ததால் அறுபது பேரும் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பியானோவில் செசிலியா, டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தில் அவள் கணவன் லியோ, டிரம்ஸில் சிவசங்கர். பதினைந்து வருடமாகச் சேர்ந்து ஜாஸ் வாசிக்கிறவர்கள். முதல் ஆல்பம் கூட்டத்தின் முன்னாலேயே பதிவாகிக்கொண்டிருந்தது.

செசிலியாவும் லியோவும் பிரிந்து ஒரு வருடம். விவாகரத்து மனுவில் அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஒத்திகையில்கூட சுருதியைத் தவிர வேறு பேச்சில்லை.

மூன்றாவது பாட்டில் பேஸ் தனியாக வாசிக்கும் இடம். வாசித்தபடியே நிமிர்ந்த லியோ, முன்வரிசையில் மகள் ஜெனிஷாவைப் பார்த்தான். விடுதியில் படிக்கும் அவள், ஒரு வருடமாக அவன் போனை எடுத்ததில்லை.

விரல்கள் ஓடின, தாளக் கணக்கு தவறிவிட்டது. பியானோ நுழைய வேண்டிய இடம் கடந்து போயிற்று. வேண்டுமென்றே இழுக்கிறான் என்று செசிலியா கொதித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவன் முகம். சிவசங்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் போனால் எல்லாம் குலைந்துவிடும்.

செசிலியா தாளச் சுற்றின் பாதியிலேயே, தப்பான இடத்தில், மெட்டின் முதல் வரியை ஓங்கி அடித்து நுழைந்தாள். லியோ அதைப் பிடித்துக்கொண்டான்.

இடைவேளையில் ஒலிப்பதிவு செய்யும் பவித்ரா வந்தாள். "அக்கா, மூணாவதுல நீங்க தப்பான இடத்துல வந்துட்டீங்க. கூட்டம் போனதும் அத மட்டும் திரும்ப வாசிச்சிடலாமா?"

"சரிம்மா."

"வேணாங்க," என்றான் லியோ. "கணக்க வுட்டது நானு. இவங்க வரலன்னா அங்கயே நின்னு போயிருக்கும். அப்டியே இருக்கட்டும்."

பவித்ரா போனதும் செசிலியாவிடம் கேட்டான். "பொண்ணு வர்றான்னு ஏன் சொல்லல?"

"சொன்னா அவ முகத்தப் பாக்கப் பயந்து நீங்க வந்திருக்கவே மாட்டீங்க."

அவன் வெகுநேரம் பேஸின் கழுத்தைத் துடைத்தான். "அந்தப் பேப்பர நாளைக்குக் குடுத்து வுடு. கையெழுத்து போட்டுடறேன். கூட வாசிக்கறத மட்டும் நிறுத்திடாத, செசி."

ஒரு வருடமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் செசிலியாவுக்கு அதில் சந்தோஷம் இல்லை. சரி என்று தலையாட்டினாள்.

ஜெனிஷா மேடைப் படியேறி வந்து தயங்கி நின்றாள். "அப்பா, நல்லா வாசிச்சீங்க."

லியோ பியானோ முக்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இரண்டாம் பகுதி பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.