மரத்தடிக் கேமரா

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கேமராக்களைப் பார்த்துக்கொள்வது வேல்விழியின் வேலை. சூலக்கரையிலிருந்து அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தால் போர்மேன் கண்ணுச்சாமி கண்ணைக் காட்டுவார். உடனே அவள் திரையில் வேப்பமரத்தடிக் கேமராவின் கட்டத்தை மூடிவிடுவாள். அங்கே லைசென்சில் இல்லாத ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அறைக்கு நாலு பேர்தான் என்ற விதிக்கு மிஞ்சியவர்கள் அதில் உட்கார்ந்து மருந்து அடைத்தார்கள். வேல்விழியின் தங்கை பாண்டிச்செல்வியும் அங்கேதான்.

அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. கட்டங்களை எப்படி விட்டோமோ, அணைத்துப் போட்டாலும் அப்படியே திறக்கும். நேற்று மூடிய கட்டம் இன்று காலையும் வரவில்லை. கிடக்கட்டும் என்றார் கண்ணுச்சாமி. அவளும் விட்டுவிட்டாள்.

மதியம் வெடித்தது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கி அவள் தோளில் இறங்கியது. வலி உறைக்கும் முன்பே மரத்தடிக் கட்டத்தைத் தேடித் திறந்து திரை முழுக்கப் பெரிதாக்கினாள். மரத்தில் கேமரா பிழைத்திருந்தது. கொட்டகை இல்லை. மடங்கிய தகரத்தின் அடியிலிருந்து, அலுமினியப் பொடி அப்பிய ஒரு கை மட்டும் வெளியே நீண்டு மண்ணைப் பிறாண்டியது.

வாசலுக்கு ஓடியவளைக் கண்ணுச்சாமி முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்தது.

"அங்கன ஆளே இல்லன்னு சொல்லியாச்சு. வாயத் தொறந்தே, அந்தத் தீயிலயே தூக்கிப் போட்ருவேன்."

கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். தீயணைப்பு வண்டி வரும்வரை வாசலை மறித்து நின்றார்.

தீயணைப்பு அதிகாரி உள்ளே வந்து, ஆட்கள் எங்கெங்கே இருந்தார்கள் என்று கேமராவில் காட்டச் சொன்னார். கண்ணுச்சாமி தயங்கவேயில்லை. எத்தனையோ சோதனைகளில் அந்தத் திரை சுத்தமாகத்தானே திறந்திருக்கிறது.

"போட்டுக் காமி, புள்ள. சார் பாக்கட்டும்."

அவளுக்கு நாக்கு எழவில்லை. அடிக்குப் பயந்து மட்டும் அல்ல. ஒவ்வொரு முறையும் தங்கையை மூடியது அவள் விரல்தான். குனிந்து பிளக்கைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

திரை வெளுத்தது. வேறெந்தக் கட்டமும் இல்லை. தகரமும் கையும் மட்டும், திரை நிறைய.

கண்ணுச்சாமி பிளக்கின் மேல் பாய்ந்தார். வேல்விழி அவர் மணிக்கட்டைக் கவ்வினாள். அவர் அவள் தலையில் குத்தினார், காதில் குத்தினார். பல் எலும்பில் உரசியது. இரத்தம் வாயில் நிறைந்து மோவாயில் வழிந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

"சார், பாருங்க" என்று சொல்ல வேண்டும். சொல்ல வாயைத் திறந்தால் அவர் கை விடுபட்டுவிடும். அவள் திறக்கவில்லை.

அதிகாரி திரையைப் பார்த்தார். அடுத்த கணம் வெளியே கத்திக்கொண்டு ஓடினார்.

கட்டத்துக்குள் ஆட்கள் நுழைந்து தகரத்தைத் தூக்கும்வரை வேல்விழி பல்லை எடுக்கவில்லை.