முதல் வாத்தியம்

அந்த இசைக்குழுவில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த புல்லாங்குழல்காரருக்கும் அவள் அண்ணிதான், போன மாதம் வந்து சேர்ந்த வயோலாக்காரிக்கும் அண்ணிதான். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவள் அவளுடைய நாத்தனார். குழுவின் முதல் வயலின் அவள் கணவர். அவருடைய தங்கைதான் குழுவின் நட்சத்திரம். தங்கை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடக் கூப்பிட, மற்றவர்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய கன்சர்ட்டோக்களை, அதாவது ஒரு தனி வாத்தியமும் ஒரு குழுவும் எதிரெதிரே நின்று பேசிக்கொள்ளும் இசையை, அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசித்துப் பதிவு செய்வது அவர்கள் வேலை. பியானோ கிடையாது, ஹார்ப்சிகார்டு. பார்த்தால் பியானோவின் ஒல்லியான சித்தப்பா மகள் மாதிரி இருக்கும். கட்டையை அழுத்தினால் சுத்தியல் அடிக்காது. இறகுத் தண்டில் சீவிய சின்ன நகம் ஒன்று கம்பியைச் சுண்டிவிட்டு வரும். வயலின்களிலும் உலோகக் கம்பிக்குப் பதில் நரம்பு. வெளியே மேகம் மூடினால் ஸ்ருதி கோணும், உள்ளே விளக்குப் போட்டால் வேறு பக்கம் கோணும். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைவிட அதிகம் முறுக்கிக்கொள்ளும் வாத்தியங்கள் அவை.

அண்ணியின் இடம் குழுவின் நட்டநடு. நாத்தனார் முன்னால் உட்கார்ந்து தனி வாத்தியம் வாசிக்க, அண்ணி பின்னால் இன்னொரு ஹார்ப்சிகார்டில் குழுவைத் தாங்கிப் பிடிப்பாள். அவள் தாளில் கீழ்ஸ்தாயி வரியும் அதன் மேல் சில எண்களும் மட்டும்தான் இருக்கும். அந்த எண்களைப் பார்த்து மிச்சத்தை அந்தந்த நொடியில் அவளே இட்டு நிரப்ப வேண்டும். கேட்பவர்கள் காதில் அது தனியாக விழாது. நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறதே என்று தலையைத் தூக்குவார்கள்.

குழு வெளியிட்ட இசைத்தட்டுகளின் அட்டையில் நாத்தனாரின் முகம் இருந்தது. அண்ணியின் பெயர் உள்தாளில் பொடி எழுத்தில் இருந்தது. இதில் அவளுக்கு மனத்தாங்கல் என்று யாராவது சொன்னால் அது பொய். வாசிப்பு தடுமாறுகிற இடத்தில் எத்தனை கண்கள் தன் கையைத் தேடி வரும் என்று அவளுக்குத் தெரியும். தன் மதிப்பு தனக்குத் தெரிந்தவளைப் பொடி எழுத்து என்ன செய்துவிடும்?

அந்த இசைத்தட்டு வரிசையில் கடைசியானது, இரண்டு ஹார்ப்சிகார்டுகளுக்கான கன்சர்ட்டோ. இரண்டாவது வாத்தியத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய வித்வான் வருவதாக ஏற்பாடு. பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே நாத்தனார் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நேராகச் சமையலறைக்கு வந்து, அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்தாள். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்."

"கேள்விப்பட்டேன். பாவம், கை எப்படி இருக்காம்?"

"கட்டுப் போட்டிருக்காங்க. அத விடுங்க, நீங்க வாசிங்களேன். ரெண்டாவது வாத்தியம்தானே, உங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல. கூடவே வந்தா போதும்."

நாத்தனார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் "கூடவே வந்தா போதும்" அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசிக்கிறேன் குட்டி. முதல் வாத்தியம்னா வாசிக்கிறேன்."

கணவர் ஏற்கனவே பளபளவென்று இருந்த தட்டை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

"முதல் வாத்தியம் நான் வாசிக்கிறது அண்ணி," என்றாள் நாத்தனார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

"தெரியும். இந்தத் தடவை நீ ரெண்டாவது வாசி."

நாத்தனார் மேடையிலிருந்து இறங்கினாள். "அண்ணா, நீயாவது சொல்லேன்!" என்றாள்.

அண்ணா தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். நாத்தனார் விருட்டென்று போய்விட்டாள். போன வேகத்தில் வாசலில் ஒரு கால் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனது பிறகுதான் தெரிந்தது.

சாப்பிடும்போது கணவர் மெல்ல ஆரம்பித்தார். "அவ பேர்லதான் இந்த வரிசையே ஓடுது. கம்பெனிக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

"நீங்க என்ன சொல்றீங்க, அதச் சொல்லுங்க."

"எனக்குப் பொண்டாட்டியும் வேணும், தங்கச்சியும் வேணும்."

"ரெண்டு பேரும் எங்கயும் போகல. இங்கதான் இருக்கோம்." அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "என்னங்க, நான் வீம்புக்குக் கேக்கல. அந்த நடுப் பகுதி இருக்கு பாருங்க, குழு முழுக்கச் சும்மா இருக்கும், ரெண்டு வாத்தியம் மட்டும் பேசும். பேச்சை ஆரம்பிக்கிறது முதல் வாத்தியம். இத்தனை பேரு வாசிச்சுக் கேட்டிருக்கேன், எல்லாரும் அத ஒரு அழுகை மாதிரி இழுக்கறாங்க. அது அழுகையே இல்ல. ரெண்டு பேரு நடந்து போறாங்க, அவ்வளவுதான். எனக்கு அதுல சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டாவதா உக்காந்தா அதுக்குப் பதில்தான் சொல்ல முடியும்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் தனக்கென்று ஒரு வாய்ப்பைக் கேட்டு அவர் பார்த்ததில்லை. "சரி, நான் பேசறேன்," என்றார்.

"வேணாம். அவளே பேசுவா."

மறுநாள் அவளே பேசினாள். தொலைபேசியில் "வணக்கம்" கூட இல்லை. "சரி, முதல் வாத்தியம் நீங்க. ஆனா எங்க வீட்லதான் ஒத்திகை. வேகம் நான் சொல்றதுதான்."

"ஒத்திகையில பேசிக்கலாம்," என்றாள் அண்ணி.

நாத்தனார் வீட்டுக் கூடத்தில் சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, இரண்டு ஹார்ப்சிகார்டுகளையும் மூடியைக் கழற்றி ஒன்றின் வளைவில் ஒன்று பொருந்துகிற மாதிரி நிறுத்தியிருந்தாள். இருவரும் எதிரெதிரே முகம் பார்த்து உட்கார்ந்தார்கள். நாத்தனாரின் தாள் முழுக்கப் பென்சில். எந்த ஸ்வரத்தில் என்ன நகாசு, எந்த இடத்தில் மூச்சு, எல்லாம் குறித்து வைத்திருந்தாள். அவள் வாசிப்பு அத்தனை சுத்தமாக இருந்ததற்கு அந்தப் பென்சிலும் ஒரு காரணம். அண்ணியின் தாள் வெள்ளையாக இருந்தது.

நடுப் பகுதியில் தகராறு தொடங்கியது. அண்ணி ஒரு வரியை வாசித்தாள், நாத்தனார் அதே நகாசோடு திருப்பிச் சொன்னாள். மறுபடி தொடங்கியபோது அண்ணியின் கை வேறு வழியில் போயிற்று. மூன்றாவது தடவை இன்னொரு வழி.

நாத்தனார் கையை எடுத்துவிட்டாள். "அண்ணி, ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வாசிக்கிறீங்க. நான் எதைப் பிடிச்சுக்கறது?"

"என்னைப் பிடிச்சுக்கோ."

"விளையாடாதீங்க!"

"நான் எங்க விளையாடறேன்? நீ கச்சேரியில எத்தனை தடவை திடீர்னு வேகத்தைக் கூட்டியிருக்க, நிறுத்தி வச்சு இழுத்திருக்க. ஒரு தடவையாவது ஏன் இப்படி ஓடறன்னு கேட்டிருக்கேனா? பின்னாடியே வந்திருக்கேன். நீ விழுந்ததில்ல, ஏன்னா நான் இருந்தேன்."

நாத்தனார் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "மறுபடி முதல்லேர்ந்து," என்றாள். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வாசித்தாள்.

பதிவு, மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் கூட்டரங்கில் நடந்தது. மரத்தரை, உயரமான கூரை, தெருச்சத்தம் எட்டாத தடிச் சுவர்கள். தலைமையாசிரியர் அறையாக இருந்த இடத்தில் ஒலிப்பதிவு இயக்குநர் தன் கருவிகளோடு உட்கார்ந்திருந்தாள். வாசித்ததை அங்கங்கே வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரி என்பதால் அவளுக்குக் குழுவில் கத்தரி என்று பெயர். அவள் குரல் மட்டும் சுவரிலிருந்த ஒலிபெருக்கி வழியாக அரங்குக்குள் வரும். அதில் பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

காலையில் முதல் பகுதி. குழு அரைவட்டமாக உட்கார, இரண்டு ஹார்ப்சிகார்டுகளும் முன்னால் நின்றன. அண்ணி முதன்முதலாகத் தன் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரின் மூச்சையும் கேட்டாள். இத்தனை நாளும் அவர்கள் அவளைச் சுற்றி இருந்தார்கள்.

வாசித்து முடித்தார்கள். ஒரு தவறு இல்லை. ஒலிபெருக்கி பேசியது.

"அண்ணி, எல்லாம் சரியா இருக்கு. ஆனா நீங்க இன்னும் பக்கவாத்தியம்தான் வாசிக்கிறீங்க."

அது உண்மை என்று அண்ணிக்குத் தெரியும். ஒவ்வொரு வரியிலும் அவள் ஒரு மயிரிழை பின்தங்கி, செல்லோ வரட்டும், வயலின் வரட்டும், நாத்தனார் வரட்டும் என்று இடம் விட்டிருந்தாள். வாயால் கேட்டு வாங்கிய இடத்தில் கை போய் உட்கார மறுத்தது.

இரண்டாவது தடவை எடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் வேண்டுமென்றே முந்தி ஓடி, குழுவை இழுத்துக் குழப்பிவிட்டாள். கத்தரி இடைவேளை விட்டாள்.

எல்லோரும் வெளியே போனார்கள். கணவர் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு அவள் பக்கம் வரப் பார்த்தார். நாத்தனார் அவரைக் கண்ணாலேயே வெளியே அனுப்பினாள். அண்ணி ஸ்ருதிச் சாவியை எடுத்துக்கொண்டு, சரியாகவே இருந்த கம்பிகளைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் சொல்லிக்காட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தாள். அவள் இடத்தில் இருந்தால் தானும் கொஞ்சம் சொல்லிக்காட்டியிருப்போம் என்றும் நினைத்தாள்.

"அண்ணி, நீங்க எனக்காகக் காத்துட்டிருக்கீங்க."

"ம்."

"காத்திருக்காதீங்க. நான் வந்துருவேன்." நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இடத்தைக் கேட்டு வாங்கிட்டு இப்ப ஓரமா உக்காந்தா எனக்குக் கோவம் வருது. எங்கிட்டேர்ந்து பிடுங்கினதை ஒழுங்கா அனுபவிங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு போல அது வந்தது. நாத்தனாரும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வாசித்த முதல் பகுதியைப் பற்றிப் புல்லாங்குழல்காரர் இன்றைக்கும் சொல்வார். அவருக்கு அந்தக் கன்சர்ட்டோவில் வாசிக்க ஒன்றும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர். அண்ணி கட்டையில் கை வைத்ததும் குழு மொத்தமும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது என்பார். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. குழுவை இத்தனை காலம் உள்ளிருந்து தாங்கியவளுக்கு, எந்தத் திருப்பத்தில் அது எவ்வளவு எடை தாங்கும் என்று தெரிந்திருந்தது. அந்த அளவுக்கு ஏற்றினாள், ஒரு குன்றிமணி குறைக்கவில்லை. கணவர் வில்லை இழுத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

மதியம் நடுப் பகுதி. குழுவுக்கு அதில் வேலை இல்லை, வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒருவரும் போகவில்லை. நாற்காலி கிறீச்சிடும் என்று பயந்து தரையில் படுத்துக் கேட்டார்கள்.

அண்ணி ஆரம்பித்தாள். அழவில்லை, நடந்தாள். ஒரு வரி, நாத்தனாரின் பதில், இன்னொரு வரி. பாதிக்கு மேல் நாத்தனார் தன் பென்சில் குறிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி ஒரு ஸ்வரத்தைக் குலுக்கினால் அவள் அதைத் திருப்பிச் சொல்லாமல், வேறொன்றால் சீண்டினாள். அண்ணி அதை வாங்கி வேறு பக்கம் கொண்டுபோனாள். கடைசி ஸ்வரம் மரக்கூரையில் போய்க் கரைந்தது.

ஒலிபெருக்கியில் கத்தரி தொண்டையைச் செருமினாள். "நல்லா வந்திருக்கு," என்றாள். தரையில் படுத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அப்ப இது போதும்," என்றாள் நாத்தனார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "இனிமே இப்படி வராது."

"வரும்," என்றாள் அண்ணி. "இதைவிட நல்லா வரும். இன்னொண்ணு எடுப்போம்."

"அண்ணி, ஆசைப்படாதீங்க!"

"ஆசை இல்ல குட்டி. எனக்குத் தெரியும்."

எடுத்தார்கள். அதைவிட நல்லாவே வந்தது. இசைத்தட்டில் இருப்பது அதுதான். கத்தரி அதில் ஓர் இடத்தில்கூட வெட்டவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கம்பெனியிலிருந்து அட்டையின் மாதிரி வந்தது. பழக்க தோஷத்தில் நாத்தனார் பெயரை மேலே போட்டு, அண்ணி பெயரைக் கீழே போட்டிருந்தார்கள். அண்ணி யாரையும் கேட்கவில்லை, கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தானே தொலைபேசியை எடுத்தாள். "முதல் வாத்தியம் வாசிச்சது நான். பேரு அந்த வரிசையில வரணும்," என்றாள். அவர்கள் தயங்கி, உங்கள் நாத்தனாரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நாத்தனாரைக் கேட்டபோது அவள், "சண்டை வேணாம், ரெண்டு பேரையும் அகர வரிசையில போட்டுருங்க," என்றாள். போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அட, அதுலயும் அண்ணிதான் முதல்ல!" என்று அண்ணனுக்குப் போன் போட்டுப் புலம்பினாள். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

இசைத்தட்டு வந்த அன்று எல்லோரும் அண்ணி வீட்டில் கூடினார்கள். நடுப் பகுதி ஓடும்போது நாத்தனார் ஒரு குலுக்கலைக் காட்டி, "இது நான்," என்றாள். அண்ணி, "இடது பக்க ஸ்பீக்கர்ல கேக்குது பாரு, அது நான்," என்றாள். கணவரைக் கேட்டார்கள். அவர் காப்பி போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

பகுதி முடிந்தது. யாரும் பேசுவதற்கு முன் அண்ணியே பேசினாள்.

"ரொம்ப நல்லா வாசிச்சிருக்கேன்," என்றாள்.

"வாசிச்சிருக்கோம்," என்றாள் நாத்தனார்.

"அதுவும் சரிதான்," என்று ஒத்துக்கொண்டு, மூன்றாவது பகுதிக்கு அண்ணி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.