பன்றி ரூபாய்

வெள்ளி ரூபாயைக் கையில் வாங்கியதும் எல்லாரும் ராஜாவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மதிவதனி அப்படியில்லை. விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே மெல்லச் சாய்ப்பாள். வெளிச்சம் காசின் மேல் தடையில்லாமல் ஒரு சுற்று ஓடி வந்தால்தான் அது புழங்காத காசு. நடுவில் எங்காவது மங்கினால், "யாரோ தேய்ச்சிருக்காங்க, வேணாங்க" என்று திருப்பிவிடுவாள். ஆரணி கடைவீதியில் பட்டுப்புடவை விரித்துக் காட்டிப் பழகிய கண் அது.

அவள் கணவன் தென்னரசுவுக்கு ஆசை உண்டு, கண் போதாது. செய்யாறு கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வருகிற வழியில் கிடைத்த பழைய காசையெல்லாம் வாங்கிக்கொண்டு வருவான். கல்யாணமான புதிதில் அவன் டப்பாவைக் கொட்டிப் பார்த்துவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வருஷத்துக்கு ஒண்ணுன்னு நொள்ளையும் நொண்டியுமா சேத்துகினு போனா எப்டிங்க? கொஞ்சமா வச்சிக்கலாம். ஆனா பாக்கறவன் வாயைப் பொளக்கணும்."

தேய்ந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, நல்லதாகச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் ஒரே சட்டம்தான். காசைக் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, முகப்பில் விரல் படவே கூடாது. ஒருமுறை தென்னரசு லுங்கி முனையால் ஒரு காசைத் துடைத்துவிட்டான். அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

அப்படிப் பொறுக்கியெடுத்ததில் மகுடம் மாதிரி வந்து சேர்ந்தது பன்றி ரூபாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அடித்த ஐந்தாம் ஜார்ஜ் காசு. ராஜாவின் அங்கியில் கடுகளவுக்கு ஒரு யானை இருக்கும். அதன் தும்பிக்கை குட்டையாகிப் போக, பன்றியைப் போட்டுவிட்டார்கள் என்று அந்தக் காலத்தில் ஊரெல்லாம் கூச்சல். அடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, அடுத்த வருஷம் யானைக்குத் தும்பிக்கையை நீட்டினார்கள். தப்பிப் பிழைத்த ஒன்று வெள்ளிக்கடை வீரபாகுவிடம் வந்தது. வாங்கிவந்த அன்று இருவரும் லென்ஸ் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை, ஒரு அழுக்கு இல்லை.

அந்தச் சமயத்தில் மதிவதனிக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. முந்தின வருஷம் ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளை தங்காமல் போனது. அதைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. இந்த முறை ஐந்து தாண்டி ஏழாம் மாதமும் பிறந்துவிட்டது. இருந்தாலும் அவள் இருமினால்கூட தென்னரசுவுக்குத் திக்கென்றது.

அப்போதுதான் வீரபாகு வாயைத் திறந்தான். வியாபாரிக்கு வாய் சும்மா இருக்காதே.

"இன்னா தென்னரசு, பன்னி ரூபா எப்டி கீது? அது எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமா? முள்ளிப்பட்டுல ஒரு சாவு. நெத்திக்காசுப்பா அது. சுடுகாட்டுல எடுத்தவன் கொண்டாந்து குடுத்தான்."

செத்தவர் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒற்றை ரூபாய் ஒட்டுவது ஊர் வழக்கம். தென்னரசு சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் பேய்க்கதை சொன்ன ஆளைக் கிண்டலடித்தே ஓட்டியவன் அவன்.

வீட்டுக்கு வந்து, அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து பீரோவைத் திறந்தான். லென்ஸை வைத்தான். ராஜாவின் அங்கி மடிப்பில், யானையைச் சுற்றி, மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

சந்தனம்.

வாங்கிய அன்று இது இல்லை. மதிவதனி கண்ணுக்குத் தப்பியிருக்கவே முடியாது. அன்று இல்லாதது இன்று எப்படி வந்தது? பூட்டிய பீரோவுக்குள், அவள் புடவைகளுக்கு நடுவில், யாரோ ஒருவருடைய நெற்றிச் சந்தனம் காசுக்குள்ளிருந்து கசிந்து வருகிறதா?

தூக்கி எறிந்திருக்கலாம். மனசு வரவில்லை, இனி இப்படி ஒரு காசு கிடைக்காது. அவளிடம் சொல்லியிருக்கலாம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம் பிணம், நெற்றி என்றெல்லாம் எந்த வாயால் சொல்வது?

"அந்தக் காசை எடுக்காத, மதி. லென்ஸ்ல உத்துப் பாக்கறது கண்ணுக்கு ஆவாது," என்று மட்டும் சொன்னான்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "ஏங்க, காசுல இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் முகத்தைப் பார்ப்பதும், அவன் பார்த்தால் தலையைக் குனிவதுமாக இருந்தாள். காசு வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று தென்னரசு நடுங்கினான். ஒரு சனிக்கிழமை மறுபடி லென்ஸை வைத்தான். மஞ்சளுக்கு ஓரத்தில் இப்போது சிவப்பும் இருந்தது. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு பீரோவைப் பூட்டினான்.

அடுத்த வாரம் கம்பெனி பஸ் ஆரணிக்குள் நுழையும்போது அவள் போனில் கூப்பிட்டாள்.

"காலையிலேருந்து புள்ள அசையவே இல்லைங்க. அம்மா ஆட்டோ புடிச்சிட்டாங்க, போய்கினு இருக்கோம். பீரோவுல ஸ்கேன் ஃபைல் கீது, எடுத்துகினு ஜல்தி வாங்க."

அவள் அழவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஃபைலை எடுத்தபோது பக்கத்திலேயே காசு டப்பா இருந்தது. அதற்குப் பிறகு அவனுக்குச் சொந்தப் புத்தி இல்லை. சமையலறையிலிருந்து புளி, சாமி மாடத்திலிருந்து விபூதி, இரண்டையும் அள்ளிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தான். ராஜாவின் முகம், தாடி, அங்கி, யானை எல்லாவற்றையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். "உட்டுடு, என் புள்ளைய உட்டுடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யாரிடம் சொன்னான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. இருவரும் மூச்சு படாமல் காத்த வெளிச்சம் புளித்தண்ணீரோடு போனது. சட்டைப்பையில் போன் அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. எடுத்தால் என்ன சேதி வருமோ என்று அவன் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமியார் சாவித்திரி வராந்தாவில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க பூட்டீங்க மாப்ள? எத்தினி தடவ போன் பண்றது! துடிப்பு கீதாம். ஆனா கொஞ்சம் கம்மியா கீதுன்னு பாத்துகினு இருக்காங்க."

மதிவதனி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டியிருந்தார்கள். பக்கத்து மிஷினில் பிள்ளையின் துடிப்பு டப்டப்பென்று கேட்டுக்கொண்டிருந்தது. தென்னரசு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அடக்கிவைத்த எல்லாம் உடைந்து வந்தது. வீரபாகு சொன்னது, சந்தனம், சிவப்பு, புளி, விபூதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, காசை அவள் கையில் வைத்தான்.

அவள் பழக்கத்தில் விளிம்பைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். வெளிச்சம் ஓடவில்லை. காசு அலுமினியத் தட்டு மாதிரி வெறுமனே வெளுத்துக் கிடந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"அந்தச் சந்தனம் நான் வச்சதுங்க."

அவனுக்குப் புரியவில்லை.

"ஊரே பன்னின்னு சொல்லட்டும், எனக்கு அது யானையாத்தான் தெரிஞ்சுது. புள்ளையாரா நெனச்சிகினேன். நம்ம வீட்லயே ஒசத்தி அந்தக் காசுதானே? வெள்ளிக்கெழமைல ஊசி முனையில எடுத்து ஒரு பொட்டு வப்பேன், இந்தப் புள்ளையாவது தங்கட்டும்னு. நீங்க எடுக்காதன்னதும், கண்டுபுடிச்சிட்டாரு, கோவமா கீறாருன்னு பயந்துகினே இருந்தேன். ஆனாலும் மனசு கேக்காம அப்புறம் குங்குமமும் வச்சேன்."

தென்னரசு அவள் கையிலிருந்த காசைப் பார்த்தான். இத்தனை நாள் பயந்து நடுங்கியது இவளுடைய வேண்டுதலைப் பார்த்துத்தானா? அதையா தேய்த்துக் கழுவினான்?

அப்போது மிஷின் சத்தம் நின்றது.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் நசுக்கிவிடுவதுபோலப் பிடித்துக்கொண்டார்கள். தென்னரசுவின் வாயிலிருந்து "சிஸ்டர்" என்ற சொல் பாதிதான் வந்தது. நர்ஸ் ஓடிவந்து பட்டையை இழுத்து, கருவியைக் கீழே நகர்த்தி, அழுத்திப் பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். டப்டப்பென்று மறுபடி கேட்டது.

"புள்ள திரும்பிகிச்சு, அவ்ளோதான். ஆடாம படுங்க," என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

இருவரும் துடிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த நேரத்திலும் மறுபடி நின்றுவிடலாம் என்று இருவருக்குமே பயமாக இருந்தது. இந்த முறை அதை ஒருவருக்கொருவர் மறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாரிடமிருந்து சாவித்திரி கொண்டுவந்த குங்குமம் தலைமாட்டில் ஒரு காகிதத்தில் இருந்தது. மதிவதனி அதில் விரலைத் தோய்த்தாள். ஊசி தேடவில்லை. விரல் முழுக்க எடுத்து, யானை மேல், ராஜாவின் பாதி முகம் மறையும்படி அழுத்தினாள்.

"இனிமே இதுக்குத் தரமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள். "நீங்களும் வைங்க. நல்லா அழுத்தி வைங்க."